பீட்பாக்ஸ் பழக யாரிடம் தொடங்கலாம்: பஃபியா, டக் இ. ஃபிரெஷா, பிஸ் மார்க்கியா?

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் வீட்டு மொட்டைமாடிக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் பீட்பாக்ஸ், அதாவது வாயாலேயே டிரம் தாளம் போடும் வித்தை, பழக வருவார்கள். புதிதாக வருகிற யாரும் முதல் நாளே கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணா, யாரைப் பாத்துக் கத்துக்கிறது?" கேட்கும்போதே கைப்பேசியில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். பெர்லினில் நடந்த உலகப் போட்டி மேடையில் யாரோ ஒருவர் வாயை வைத்தே அரங்கத்து ஸ்பீக்கர்களை அதிரவைத்துக்கொண்டிருப்பார்.

அதைக் கேட்டு ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நானும் அப்படி ஆசைப்பட்டு வந்தவன்தான். ஆனால் அந்த மேடையில் நிற்பவருக்குக் கீழே நாற்பது வருடத்து வித்தை அடுக்கடுக்காக இருக்கிறது. மேல் அடுக்கைப் பிடித்துத் தொங்கினால் கைதான் வலிக்கும். அடி அடுக்கில் மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்று பேரும் நியூயார்க்காரர்கள், மூன்று பேரின் வாயும் 1984க்கும் 1986க்கும் இடையில் இசைத்தட்டில் பதிவானது. இவர்களில் யாரிடம் தொடங்குவது என்பதுதான் உண்மையான கேள்வி.

பீட்பாக்ஸ் என்ற சொல் முதலில் மனிதரைக் குறிக்கவில்லை. தாளம் போடும் மின்னணுப் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். 1980இல் ரோலண்ட் நிறுவனம் கொண்டுவந்த டிஆர்-808 பெட்டியின் விலை 1,195 டாலர். நியூயார்க்கின் ஹார்லெமிலும் புரூக்ளினிலும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு பையனுக்கு அது கனவில்கூட எட்டாத தொகை. பெட்டி செய்வதை வாயால் செய்துகாட்டியவனை 'ஹியூமன் பீட்பாக்ஸ்' என்றார்கள். பிறகு 'ஹியூமன்' உதிர்ந்துபோய், பெட்டியின் பெயர் அப்படியே மனிதனுக்கு ஒட்டிக்கொண்டது.

இந்த மூவரில் யார் முதல் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். டக் இ. ஃபிரெஷ் தன்னை 'அசல் ஹியூமன் பீட்பாக்ஸ்' என்றே அழைத்துக்கொண்டார். பஃபியின் ரசிகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பழக வருகிறவருக்கு இந்தச் சண்டையால் ஒரு பயனும் இல்லை. அவருக்குத் தெரியவேண்டியது வேறு: மூவரும் மூச்சை எங்கே ஒளித்துவைத்தார்கள் என்பது. வாயால் தாளம் போடுகிறவருக்கு ஒரே ஒரு பிரச்சினைதான் உண்டு. தாளம் நிற்கக்கூடாது, ஆனால் மனிதன் மூச்சு விட்டாகவேண்டும். பஃபி அந்த மூச்சையே தாளமாக்கிவிட்டார். டக் நுரையீரல் காற்றே தேவைப்படாத சத்தங்களைத் தேடிப் போனார். பிஸ் மார்க்கி பாடகரைப் போல மூச்சைக் குரலாகச் செலவழித்தார். மூன்று பாணியையும் இந்த ஒரு கண்ணால் பார்த்தால் தேர்வு பாதி முடிந்துவிடும்.

பஃபியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இயற்பெயர் டேரன் ராபின்சன், 1967இல் பிறந்தவர், புரூக்ளின்காரர். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து 'டிஸ்கோ 3' என்ற பெயரில் 1983இல் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் நடந்த திறமைப் போட்டியில் ஜெயித்தார்கள். அடுத்த ஆண்டு 'ஃபேட் பாய்ஸ்' என்று பெயர் மாறி முதல் ஆல்பம் வந்தது. தயாரித்தவர் ராப் பாடகர் கர்டிஸ் ப்ளோ. அதில் ஒரு பாட்டின் பெயரே 'ஹியூமன் பீட் பாக்ஸ்'. இன்னொன்று 'ஸ்டிக் எம்'. இந்த இரண்டையும் ஒரு முறை கேட்டால் போதும், பஃபி யார் என்று புரிந்துவிடும்.

'ஸ்டிக் எம்'மில் உதடு படபடக்கும் ஒரு 'ப்ர்ர்', அதற்குப் பின்னால் 'ஹ... ஹ... ஹ' என்று மூச்சு. ஓடிவந்து நின்றவர் இரைப்பது போல இருக்கும், ஆனால் ஒவ்வொரு இரைப்பும் கணக்காகத் தாளத்தில் விழும். உள்ளே இழுக்கும் காற்றும் சத்தம், வெளியே விடும் காற்றும் சத்தம். அதனால் அவருக்கு மூச்சு வாங்கத் தனி இடம் தேவைப்படவில்லை. இதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

அவர் உடம்பு பெரியது, அதனால்தான் அந்தச் சத்தம் வந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் ஏற்கமாட்டேன். எங்கள் மாடியில் ஈர்க்குச்சி மாதிரி இருக்கும் ஒரு பெண் பிள்ளை அதே கனத்தைக் கொண்டுவருகிறாள். வேலை நடப்பது உதரவிதானத்தில். தொப்புளுக்கு மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு 'ஹ்' என்று சொல்லுங்கள். கை வெளியே தள்ளப்பட்டால் சரியாகச் செய்கிறீர்கள். தோள் மேலே ஏறினால் தப்பு. பஃபி 1995 டிசம்பரில், 28 வயதில், இதயம் நின்று இறந்துபோனார். அவர் உடம்பை வைத்து விளம்பரம் செய்தவர்கள் அவர் மூச்சின் கணக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

பஃபியிடம் தொடங்குவதில் லாபம் என்ன? முதல் நாளே சத்தம் வரும். மைக் வேண்டாம், நாக்கு வித்தை வேண்டாம். வேகம் குறைவு, அதனால் தாளம் தடுமாறினால் உடனே காதில் தெரியும். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகளுக்கு இது ரொம்ப உதவி.

நஷ்டமும் உண்டு, அதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். பத்தொன்பது வயதில் ஒரு மத்தியானம் 'ஸ்டிக் எம்' பாணியை விடாமல் கால் மணி நேரம் செய்தேன். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊறுவது போல மரத்தது, கண் இருட்டியது, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றுவது அதனால்தான். இப்போது பிள்ளைகளுக்குச் சொல்வது: பஃபி பயிற்சி ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், உட்கார்ந்துகொண்டே. விரல் மரத்தால் அந்த நொடியே நிறுத்தவேண்டும். வீசிங் உள்ளவர்கள் இந்தப் பாணியைத் தொடவே வேண்டாம், மருத்துவரைக் கேட்காமல் கண்டிப்பாகக் கூடாது.

இன்னொரு குறை, சத்தங்களின் எண்ணிக்கை. மூச்சை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகமுடியும்? மூன்று வாரத்தில் அதன் எல்லை தெரிந்துவிடும்.

டக் இ. ஃபிரெஷ் விஷயம் வேறு. இவரைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகப் பேசப்போகிறேன். பார்படாஸில் பிறந்து ஹார்லெமில் வளர்ந்தவர், பிறந்த ஆண்டு 1966. 1985இல் 'தி ஷோ' என்ற பாட்டு இசைத்தட்டாக வந்து பெரிய வெற்றி பெற்றது. பிரிட்டனில்கூட முதல் பத்துக்குள் போனது. அந்தத் தட்டின் மறுபக்கத்தில் இருந்தது 'லா டி டா டி'. எனக்கு உலகத்தில் உள்ள மொத்தப் பீட்பாக்ஸ் பதிவுகளிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

அதில் வாத்தியமே கிடையாது. நான்கு நிமிடத்துக்கு மேல், இரண்டு பேர், இரண்டு மைக். லண்டனில் பிறந்து நியூயார்க்கின் பிராங்ஸுக்கு வந்த ராப் பாடகர் ஸ்லிக் ரிக் கதை சொல்கிறார். காலையில் எழுந்து, குளித்து, வாசனை போட்டு, நல்ல ஷூவாகப் பார்த்து மாட்டிக்கொண்டு வெளியே போன ஒருவன் மாட்டிக்கொண்ட கதை. அந்தக் கதைக்குக் கீழே டக் தாளம் போடுகிறார். 1993இல் ஸ்னூப் டாக் இந்தப் பாட்டைக் கிட்டத்தட்ட முழுசாகவே திரும்பப் பாடினார். இதன் வரிகளையும் குரலையும் வெட்டியெடுத்து ஒட்டிக்கொண்ட பாட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

இதை முதல் முறை கேட்டபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. பிறகு ஒரு நாள் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, ரூல்டு நோட்டில் பதினாறு பதினாறாகக் கட்டம் கட்டி, டக் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் பென்சிலால் புள்ளி வைத்தேன். பாதிக் கட்டங்கள் காலி. காலிக் கட்டங்களில்தான் ரிக்கின் சொல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒருவர் பேசுகிறார், அவர் பேச்சு கேட்கவேண்டும், ஆனால் அவர் கால் தரையில் பாவவும் வேண்டும். அந்தப் பொறுப்பை ஒரு பதினெட்டு வயதுப் பையன் கடைசிவரை சுமந்திருக்கிறான். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

டக் செய்த சத்தங்களில் பெரும்பகுதி உதட்டிலும் நாக்கிலும் பிறப்பவை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கும் சத்தம் இருக்கிறதே, குதிரை நடையைக் காட்டக் குழந்தைகளுக்குச் செய்வோமே, அதற்கு நுரையீரல் காற்று தேவையே இல்லை. நாக்கைச் சொடுக்கிக்கொண்டே மூக்கால் நிம்மதியாக மூச்சு விடலாம், இப்போதே செய்து பாருங்கள். உதட்டு அடியும் அப்படித்தான். மூச்சை அடக்கிக்கொண்டு, உதட்டை இறுக மூடி, 'ப்' என்று வெடிக்கவிடுங்கள். சத்தம் வந்தால் அது வாய்க்குள் அடைபட்ட காற்றின் சத்தம். தொண்டைக் குமிழில் விரலை வைத்தால் அது மேலே துள்ளுவது தெரியும். டிரம் செட்டில் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின் சத்தம், கிக், இதுதான்.

தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு பீட்பாக்ஸ் கலைஞரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, அடிக்க அடிக்கப் படம் பிடித்தார்கள். ஆய்வு 2013இல் வெளியானது. அவர் பேசத் தெரியாத மொழிகளில் உள்ள ஒலிப்பு முறைகளை அவர் நாக்கும் தொண்டையும் தாமாகக் கண்டுபிடித்திருந்தன. தென் ஆப்பிரிக்க மொழிகளில் எழுத்தாகவே இருக்கும் நாக்குச் சொடுக்குகளும் அதில் உண்டு.

இந்த இடத்தில் தமிழ் பேசும் வாய்க்கு ஒரு சாதகமும் ஒரு பாதகமும் இருக்கின்றன. ஆங்கிலேயர் 'பின்' என்று சொன்னால் பகரத்தோடு ஒரு 'ஹ்' காற்றும் சேர்ந்து வரும். நம் பகரம் காற்றில்லாத வறண்ட பகரம். கிக் அடிக்க வேண்டியது அதுதான். பாதகம் என்னவென்றால், மெய்யெழுத்தோடு நிறுத்த நம் வாய்க்குப் பிடிக்காது. பஸ்ஸு, கப்பு, லைட்டு என்று எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு உகரத்தை ஒட்டிவிடுவோம். முதல் வாரத்தில் பிள்ளைகளின் கிக் எல்லாம் 'ப்பு' என்றுதான் விழும். அந்தக் குட்டி உகரத்தில் தொண்டை அதிர்ந்துவிடுவதால் டிரம் சத்தம் போய்ப் பேச்சுச் சத்தமாகிவிடும். நான் சொல்லிக்கொடுப்பது: "உயிரை எடுத்துரு, மெய்யை மட்டும் வை. எழுத்து மேல புள்ளி இருக்குன்னு நெனச்சுக்கோ." புள்ளி என்றதும் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

மிருதங்கம் பழகிக்கொண்டிருந்த ஒரு பையன் கொன்னக்கோல் தெரியும் என்ற தைரியத்தில் வந்தான். 'தகதிமி தகஜணு' அருமையாகச் சொன்னான், ஆனால் அவன் ஸ்னேர், அதாவது குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்மின் 'சளீர்' சத்தம், எழவே இல்லை. கொன்னக்கோல் சொல்லைச் சொல்லும் கலை, உயிரும் மெய்யும் சேர்ந்தே நிற்கவேண்டும். பீட்பாக்ஸ் வாத்தியத்தின் சத்தத்தையே கொண்டுவரும் கலை. இரண்டுக்கும் வரலாற்றில் தொடர்பு இருப்பதாகச் சிலர் எழுதுகிறார்கள், அப்படி இழுத்து முடிச்சுப் போடத் தேவையில்லை. அவனுக்குக் கொன்னக்கோல் கொடுத்தது லயம். அது போதாதா? மூன்றாவது வாரத்திலேயே மற்றவர்களைத் தாண்டிப் போய்விட்டான்.

டக்கிடம் தொடங்குவதில் உள்ள கஷ்டங்களையும் சொல்லிவிடவேண்டும். சத்தங்கள் சின்னவை. மைக் இல்லாமல் அடித்தால் அடுத்த வரிசையில் இருப்பவருக்குக் கேட்காது. இவர்கள் எல்லோருமே மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. மேடையில் கையில் பிடிக்கும் அந்த வகை மைக்கில் வாய் நெருங்க நெருங்க அடிநாதம் பெருகும். அதற்காக உடனே மைக் வாங்கவேண்டாம். கைப்பேசி ரெக்கார்டரை ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிவு செய்தாலே முதல் மூன்று மாதத்துக்குத் தாராளம். இரண்டாவது கஷ்டம் பொறுமை. நாக்குச் சொடுக்கு தாளத்தில் உட்கார எனக்கு ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் வீட்டில் யாரும் பாராட்டவில்லை, செய்வது என்னவென்று அவர்களுக்குப் புரியவே இல்லை.

பிஸ் மார்க்கியைப் பற்றி நினைத்தாலே எனக்கு முகம் மலர்ந்துவிடும். மார்செல் ஹால் என்பது இயற்பெயர், பிறந்தது 1964இல் ஹார்லெமில். ரோக்ஸான் ஷாண்டே ராப் பாடும்போது பின்னால் நின்று வாயால் தாளம் போட்டார். 1986இல் மார்லி மார்ல் தயாரிப்பில் வந்த 'மேக் தி மியூசிக் வித் யுவர் மவுத், பிஸ்' (வாயால இசை போடு, பிஸ்) என்ற பாட்டின் பெயரிலேயே அவர் தொழில் இருக்கிறது. ஊருக்கெல்லாம் அவரைத் தெரியவைத்தது 1989இல் வந்த 'ஜஸ்ட் எ ஃபிரெண்ட்'. சுதி சேராத குரலில் அவர் உரக்கப் பாடும் பல்லவி அமெரிக்கப் பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை போனது. சுதி சேராமல் போனதைப் பற்றி அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை, கேட்டவர்களுக்கும் இல்லை.

அவர் பீட்பாக்ஸும் அப்படித்தான். குரல் கலந்தது. தாளத்துக்கு நடுவே முனகல், ஒரு மெட்டு, தொண்டையிலிருந்து ஒரு கனத்த 'ம்ம்'. இதன் சூட்சுமத்தைச் சொல்கிறேன். நாக்கின் பின்பகுதியால் வாயை அடைத்துவிட்டால் முனகல் மூக்கு வழியே போய்க்கொண்டே இருக்கும், அதே நேரத்தில் உதடு தனியாக அடிக்கலாம். முதலில் 'ம்' என்று நீட்டி முனகுங்கள். முனகல் அறுந்துவிடாமல் உதட்டைப் 'ப்' என்று திறந்து மூடுங்கள். இரண்டும் சேர்ந்து கேட்கும் அந்த முதல் முறை, வாய்க்குள் இரண்டு ஆள் இருப்பது போல இருக்கும். பாட்டு கற்றவர்களுக்கு இது சீக்கிரம் வரும், ஏனென்றால் மூச்சை வரிக்கு வரி பங்கிடும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

2007 முதல் 'யோ கபா கபா' என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பிஸ் அடிக்கடி ஒரு தாளம் சொல்லிக்கொடுப்பார். ஆறு வயதுக் குழந்தைக்கும் வரக்கூடிய தாளம். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், பிஸ்ஸிடம் விட்டுவிடுங்கள். 2021 ஜூலையில் அவர் 57 வயதில் காலமானார். அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் வகுப்பு வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பழைய பதிவுகளைக் கேட்டோம்.

பெரியவர்கள் பிஸ்ஸிடம் தொடங்கினால் ஒரு ஆபத்து இருக்கிறது. குரல் ருசியானது. முனகலும் மெட்டும் வந்த சந்தோஷத்தில் அடியின் சுத்தம் கெட்டுப்போகும். பிஸ்ஸுக்குக் கீழே கெட்டியான அடித்தளம் இருந்தது, அதற்கு மேல்தான் விளையாடினார். தளம் போடாமல் விளையாட்டை மட்டும் எடுத்தவர்கள் தாளம் தப்பாமல் 'டிக் டிக்' அடிக்கும் மெட்ரோனோம் வைத்ததும் நான்கு வரிக்குள் விலகிவிடுகிறார்கள். மேடையில் கைதட்டல் கிடைக்கும், கூட ஒருவர் பாடச் சேர்ந்தால் குலைந்துவிடும்.

இந்த மூவரையும் சொன்ன பிறகும் பிள்ளைகள் கேட்பது ராசெல் பற்றி. 'தி ரூட்ஸ்' என்ற ஹிப் ஹாப் குழுவில் இருந்தவர், அடுத்த தலைமுறை. 1999இல் வந்த அவர் ஆல்பத்தின் பெயர் 'மேக் தி மியூசிக் 2000', அந்தப் பெயரைக் கேட்டாலே பிஸ் ஞாபகம் வரும். அதில் 'இஃப் யுவர் மதர் ஒன்லி நியூ' என்று அவர் பாடிக்கொண்டே தாளமும் போடுகிற பதிவு இருக்கிறது. கேட்டவர்கள் வாய் பிளந்துபோவார்கள். அந்த வித்தையில் பாட்டின் மெய்யெழுத்துகளே டிரம் அடிகள். சொல்லின் மெய் எங்கே விழுகிறதோ அங்கே அடி விழும்படி வரியைக் கோத்திருக்கிறார், உயிரெழுத்து மட்டும் ராகமாக மிச்சம் நிற்கிறது. கேட்கிறவர் மனம் இரண்டையும் பிரித்து இரண்டு ஆளாக்கிக்கொள்கிறது.

நான் இதில்தான் தொடங்கினேன், பதினேழு வயதில். ஒரு வருடம் போனது. தொண்டை கட்டியது, இருமினால் வலித்தது, ஒரு அடிகூடச் சுத்தமாக வரவில்லை. மெய்யைத் தனியாக அடிக்கத் தெரியாதவன் மெய்யையும் உயிரையும் பிரித்துக்காட்ட முயன்றால் வேறு என்ன நடக்கும்? ராசெல் பிஸ்ஸையும் டக்கையும் கேட்டுப் பழகியவர். அவர் படித்த புத்தகத்தைப் படிக்காமல் அவர் எழுதிய விடைத்தாளைப் பார்த்துக் காப்பியடித்தேன்.

சரி, முடிவுக்கு வருகிறேன். என் கட்சி டக் இ. ஃபிரெஷ். ஆனால் நேராக அவரிடம் போகச் சொல்லமாட்டேன். முதல் மூன்று வாரம் பஃபி, ஒரு நாளைக்கு ஐந்தே நிமிடம், வயிற்றில் கை வைத்துக்கொண்டு. மூச்சு வயிற்றிலிருந்து வருகிறதா என்பதை உடம்புக்குத் தெரியவைக்க இதைவிட நல்ல வழி இல்லை. அதற்குப் பிறகு மூன்று மாதமாவது 'லா டி டா டி'. முதலில் உதட்டு அடி, பல்லிடுக்கில் 'ட்ஸ்', அடிநாக்கில் 'க்' என்று மூன்றே சத்தம். சொடுக்கு பிறகு சேரட்டும். கட்டம் போட்டுப் புள்ளி வைக்கிற வேலையை ஒவ்வொருவரும் தன் கையால் செய்யவேண்டும். யாரோ போட்ட கட்டத்தைப் பார்த்து அடித்தால் காலி இடங்களின் அருமை தெரியாது.

பாட்டு படிக்கிறவர்களுக்கு இந்த வரிசையில் ஒரு விலக்கு உண்டு. அவர்கள் இரண்டாவது மாதத்திலேயே பிஸ்ஸின் முனகலைக் கலக்கலாம், அவர்கள் ஆர்வம் அதில்தான் தங்கும். வீசிங் உள்ளவர்கள் பஃபியை விட்டுவிட்டு டக்கில் தொடங்கட்டும். நாக்கும் உதடும் நுரையீரலை விட்டுவிடும். தனியாக மேடை ஏறிப் போட்டியில் ஜெயிக்கவேண்டும் என்ற ஒரே நோக்கம் உள்ளவர்களுக்கும் வழி மாறாது, டக்கில் மூன்று மாதத்துக்குப் பதில் ஆறு மாதம் என்பேன். போட்டிக்காரர்கள் பலர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் தோற்கிறார்கள். பின்னாளில் வந்தவர்கள் காற்றை உள்ளே இழுத்தபடியே ஸ்னேர் அடிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். கென்னி முகமதுவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அந்த முறை, பஃபி விட்ட மூச்சையும் டக் காட்டிய சுத்தத்தையும் ஒரே அடியில் சேர்த்துவிடுகிறது. முதல் இரண்டும் கைக்கு வந்தவர்களுக்கு அது ஒரு வாரத்தில் வரும்.

தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு லீவு. தொண்டை கரகரத்தால் தொண்டையால் அடிக்கிறீர்கள் என்று அர்த்தம், கிக்கில் உகரம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் நான் வைப்பது ஒரே பரீட்சை. தனி வாசிப்பு கிடையாது. யாராவது ஒருவர் கதை சொல்லவேண்டும், பழகுகிறவர் கீழே தாளம் போடவேண்டும். போன மாதம் அந்த ஒல்லிப் பெண் பிள்ளையின் முறை வந்தது. அவள் தம்பி, ஒன்பது வயது, கதை சொல்ல உட்கார்ந்தான். பாட்டி ஊரில் ஷேர் ஆட்டோவுக்குள் ஒரு ஆடு ஏறிய கதை. அவனுக்கு வேகம் அதிகம், நடுவில் சொல் மறந்து 'அப்புறம், அப்புறம்' என்று இழுப்பான். அவள் அந்த இழுப்புக்கெல்லாம் 'ட்ஸ்' மட்டும் கொடுத்து அவனைத் தாங்கிக்கொண்டே போனாள். ஆடு ஆட்டோ படியில் கால் வைத்த இடம் வந்ததும் தாளத்தை அப்படியே நிறுத்திவிட்டாள். "அக்கா!" என்று அவன் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணாலேயே சொல்லு என்றாள். "ஆடு டிரைவர் மடியில உக்காந்துருச்சு!" என்று கத்தினான். மாடி முழுக்கச் சிரிப்பு. அது அடங்கும்வரை காத்திருந்து, வயிற்றில் கையை வைத்தபடி, உகரம் ஒட்டாத ஒரே ஒரு 'ப்'பில் அவள் மறுபடி தொடங்கினாள்.